முதலில் கேட்கும் உரிமை

தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி போகும் பேருந்தில் தாடைக்கு அரை டிக்கெட் வாங்கினோம். நடத்துநர் பெட்டி மூடியில் இருந்த நீல முத்திரையைப் பார்த்தார், பிள்ளையா என்று கேட்டார், பெவின் ஆமாம் என்றான். அவரும் இரண்டு முழு, ஒரு அரை என்று கருவியில் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஜன்னலோர இருக்கை பெட்டிக்கு, நடு இருக்கை பெவினுக்கு. ஓரத்தில் நான், போகிறவர் வருகிறவர் பையெல்லாம் தோளில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

எட்டயபுரத்தில் கூட்டம் ஏறியது. உடம்பைக் குளிர்விக்கும் சட்டை போட்டும் வியர்த்து வழிந்த ஒருவர், மனுசர் நிற்கும்போது பெட்டிக்கு எதற்குச் சீட்டு, மடியில் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று சத்தம் போட்டார். நான் முத்திரையைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டார். தேரிக்காட்டுப் பிள்ளை, செம்மணலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையில் கிடந்தது, பல ஆயிரம் வருஷம் ஆகிறது என்றேன். பாவம் என்றார். அதற்குப் பிறகு கோவில்பட்டி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

இறந்தவர்கள் ஆட்களாகத்தான் பயணம் செய்ய வேண்டும், சரக்காக அல்ல. தொல்லுடல் மதிப்புச் சட்டத்தின் முதல் விதி அது. எங்கள் அம்மா காலத்தில் எலும்பை அட்டைப்பெட்டியில் போட்டு, பஞ்சைத் திணித்து, கூரியரில் கடல் கடந்து அனுப்பிவிடுவார்களாம். போனது போனதுதான். எது எங்கே போயிற்று, என்ன தெரிந்தது என்று தோண்டிய ஊர்க்காரனுக்கு ஒரு வார்த்தை வராதாம். இதைக் கேட்டால் இப்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள்.

என் பெயர் சுடலைவடிவு. வரலாறு படித்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் தொன்புரதப் பயிலகத்தில் சேர்ந்தவள். அங்கே பயிற்சி இருவர் இருவராக நடக்கும். ஒருவர் துளைஞர், இன்னொருவர் சாட்சி. துளைஞர் பல்லில் நுண்துளை போட்டு மாவெடுப்பார், அந்த மாவிலிருந்து புரதத்தைப் பிரிப்பார், மூலக்கூறுகளை எடைபோடும் நிறைமானியில் ஓட்டிப் படிப்பார். ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு துளி எடுக்கிறாரா, கண்டதைத்தான் சொல்கிறாரா என்று சாட்சி பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். அவன் வேலை செய்வான், நீ வேடிக்கை பார்ப்பாய், இதற்கு ஒரு பட்டயமா என்று என் தம்பி கேட்டான். என்னிடம் நல்லபடியாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பெவின் நாகர்கோவில் பக்கத்துப் பையன். கை அவ்வளவு சுத்தம். எங்கள் அணியில் அவனைப் போல எனாமலைச் சீவ ஆளில்லை. வாய்தான் பிரச்சினை. மனதில் பட்டது அடுத்த நொடி நாக்கில் இருக்கும். அந்தத் தாடைதான் எங்கள் இருவருக்கும் உரிமத் தேர்வு. அது நல்லபடியாக முடிந்தால் அவனுக்குத் துளைக்கும் உரிமம், எனக்குச் சாட்சி உரிமம். கெட்டால் இருவரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கோவில்பட்டியில் நாங்கள் பார்க்கப் போனது சண்முகத்தாய் அக்காவை. புதைபடிவமாகக் கிடைத்த எந்த மனிதரும் அநாதை இல்லை என்பது சட்டத்தின் இரண்டாவது விதி. வாரிசு யாரென்று சொல்ல முடியாத பழைய எலும்புக்கு, மாவட்டத்தில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் போட்டுக் குடவோலையில் ஒருவரை எடுப்பார்கள். எடுபட்டவர் அந்த எலும்புக்குக் காப்புறவு. அவர் கண்ணால் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, சரி என்றால்தான் துளைக்கலாம். தேர்தல் வேலைக்கு ஆள் போடுகிற மாதிரிதான், ஆனால் தப்பிப்பது இன்னும் கஷ்டம்.

அக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மின்கல மாற்றுக் கடை வைத்திருந்தார். ஆட்டோக்காரர்கள் தீர்ந்த கலத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நிறைந்ததை மாட்டிக்கொண்டு போவார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, வாட்டசாட்டமான உடம்பு, யாராக இருந்தாலும் நேராகப் பார்க்கிற கண். எங்களைப் பார்த்ததுமே பொரிந்து தள்ளினார். குடவோலையில் பெயர் வந்த நாளிலிருந்து விலக்குக் கேட்டு மூன்று ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டாராம். கடையை யார் பார்ப்பது, எனக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், உங்களுக்கு உறவு வந்திருக்கிறது, வாழ்த்துகள் என்று ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டானாம். எடு, பார்த்துத் தொலைக்கிறேன், சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புங்க என்றார்.

பெவின் பெட்டியைத் திறந்தான். பஞ்சணையில் அந்தக் கீழ்த்தாடை இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சில பால்பற்கள் தேய்ந்து விரிசல் விட்டிருந்தன. ஒன்று மட்டும் முழுசாக நின்றது. அதற்குப் பின்னால் எலும்புக்குள்ளேயே, முளைக்கக் காத்திருந்த கடைவாய்ப்பல் ஒன்றின் முனை தெரிந்தது.

ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா திரும்பவில்லை. இது இனிமேதான் முளைக்க வேண்டிய பல்லா என்று கேட்டார். ஆமாம், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் முளைத்திருக்கும் என்றான் பெவின்.

பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. எதற்குப் பல்லைத் துளைக்க வேண்டும்? நம் ஊர் வெயிலில் மரபணு எல்லாம் வெந்து போயிருக்கும், எனாமலுக்குள் சிக்கிய புரதம் மட்டும் தாக்குப்பிடிக்கும் என்று பெவின் சொன்னான். அதில் என்ன தெரியும்? என்ன சாப்பிட்டது, எந்த மனிதக் கூட்டத்தோடு நெருக்கம், அப்புறம் ஆணா பெண்ணா. கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆணா பொண்ணான்னு தெரிஞ்சா, எங்கிட்ட சொல்லுவியளா?"

உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன் நான். முதலில் காதால் கேட்கும் உரிமை காப்புறவுக்கே, சட்டத்தின் முதற்கேள்வி விதி அதுதான். கண்டதைக் காப்புறவு காதில் போடும் வரை ஆசிரியரிடம்கூடக் காட்டக் கூடாது, பத்திரிகை, மாநாடு எதுவும் கூடாது. துளைத்தவனே நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணமான புதிதில் முதல் பிரசவம். பிள்ளை அழவில்லை. துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மயக்கம் தெளிந்து, என்ன பிள்ளை என்று கேட்டதற்கு நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர், அதைத் தெரிந்து என்னம்மா செய்யப் போகிறாய், அடுத்த பிள்ளைக்கு உடம்பைத் தேற்று என்றார். புருஷனுக்கும் காட்டவில்லை. வீட்டில் கேட்டால், மறக்க வேண்டியதைக் கிளறாதே என்று அதட்டல். அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், ஆளாகிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியே இப்போது இல்லை. கேட்க வேண்டிய ஆளும் இல்லை.

"நினைச்சு அழுறதுக்குக்கூட ஒரு முகம் வேணும்லா தாயி. அவனா அவளான்னு தெரியாம என்னன்னு அழ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சட்டத்தைச் சொல்லலாமே தவிர, சாட்சி வேறு எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது.

சம்மதம் கொடுத்தார். முழுசாக நிற்கும் ஒரு பல், அது மட்டும். முளைக்காத பல்லைத் தொடக் கூடாது, அதை எடுக்கத் தாடையை அறுக்க வேண்டும் என்று பெவின் சொல்லியிருந்தான். எது தெரிந்தாலும் மறைக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பயிலகத்தில் பெவின் துளைத்தான். நான் மூக்குக்கும் கைக்கும் உறை போட்டுக்கொண்டு பார்த்தேன். எனாமல் புரதம் ஒன்று எல்லோருக்கும் பொதுவான வடிவில் இருக்கும். ஆண்களுக்கு மட்டும் அதில் இன்னொரு வடிவமும் சேர்ந்திருக்கும். நாங்கள் அதை ஆண்துண்டு என்போம். நிறைமானியில் ஆண்துண்டு தெரிந்தால் பையன். பொது வடிவம் மட்டும் நிறையத் தெரிந்து ஆண்துண்டு இல்லாவிட்டால், கணிப்பி திரையில் பெண் என்று போடும். கணிப்பி என்பது குளிர்நாட்டு எலும்புகளை வைத்துப் பழக்கிய ஒரு மென்பொருள். ஊர் உலகமெல்லாம் அதைத்தான் நம்புகிறது. எங்கள் தாடைக்கும் அது பெண் என்றே போட்டது.

முதற்கேள்வி விதிப்படி ஆசிரியரிடம் வாய் திறக்காமல் அடுத்த பேருந்தைப் பிடித்தோம். பெவின் கடைவாசலிலேயே சொல்லிவிட்டான்: "அக்கா, பொண்ணு."

அவர் கையில் இருந்த கலத்தைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கடையைச் சாத்திவிட்டுத் தெருவுக்கே சீனிமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் எங்க பிள்ளை பொம்பளப்பிள்ளையாம், தேரிக்காட்டுல இருந்தாளாம் என்றார். செண்பகம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை வேறு ஒருத்திக்காக அவர் வைத்திருந்தார் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. கிளம்பும்போது எங்கள் கையில் சின்னஞ்சிறு கண்ணாடி வளையல் ஒரு ஜோடி கொடுத்து, பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பேருந்தில் பெவின் அழுதான். ஏல, இதுக்குத்தான் நாம படிச்சோம் என்று நான் வேறு வசனம் பேசினேன்.

அடுத்து மறுபார்வைக் குழு பார்த்தது, சரி என்றது. உரிமம் வழங்கும் விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அப்போது பெவினுக்குப் பல் வலித்தது.

பயிலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் பல்லை எடுக்கப் போகிறவர்கள் தங்கள் பல் ஒன்றை முதலில் கொடுக்க வேண்டும். கொடைப்பல் என்று பெயர். அதை ஓட்டிப் பார்த்து, ஒப்பிடுவதற்காகச் சேமகத்தில் வைப்பார்கள். நான் பால்பல் கொடுத்தேன், எங்கள் அம்மா தோட்டு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். பெவின் வீட்டில் பால்பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டார்கள். ஞானப்பல்லைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும், பல் டாக்டர் என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். அடுத்த மாதம், அடுத்த பருவம் என்று தலைவர் மெஹருன்னிசா மேடத்திடம் தவணை வாங்கியே வண்டியை ஓட்டிவிட்டான். இப்போது அந்த ஞானப்பல்லே பொறுக்க முடியாமல் வலித்துப் பிடுங்க வைத்தது. எப்படியோ கடன் தீர்ந்தது என்று அவனே தன் பல்லைத் துளைத்து, நிறைமானியில் போட்டான்.

திரையில் பெண் என்று வந்தது.

ஆய்வுக்கூடமே இடிந்து விழும்படி சிரித்தார்கள். பெவினுக்கு எப்போ சடங்கு, எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று ஆளாளுக்கு ஓட்டினார்கள். நானும்தான் ஓட்டினேன். அவனும் முதலில் சிரித்தான். இன்னொரு முறை போட்டுப் பார்த்தான், அதே பதில். அப்புறம் அவன் முகம் வெளுத்துப் போனது. யாரோ அவனுக்குத் தலைசுற்றுகிறது என்று நாற்காலி போட்டார்கள்.

எங்கள் பாடநூலில் ஒரு வரி இருக்கிறது. நம் நாட்டு ஆண்கள் சிலருக்கு, ஆண்துண்டை உண்டாக்கும் மரபணுப் பகுதியே பிறவியிலேயே இருக்காது. அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை, தாடி முளைக்கும், பிள்ளை பிறக்கும். எனாமலில் மட்டும் ஆண் என்பதற்கு அடையாளம் இருக்காது. தேர்வுக்கு எல்லோரும் படித்த வரி, வேலை என்று வந்தபோது ஒருவருக்கும் நினைவில்லாத வரி. மறுபார்வைக் குழுவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெவினுக்கு மட்டும் இப்போது அந்த வரி வாயில் ஓட்டையோடு நினைவுக்கு வந்தது.

மாடிப்படியில் என்னை உட்கார வைத்துச் சொன்னான். செண்பகம் பெண்ணாக இருக்கலாம். என்னைப் போல ஒரு பையனாக இருக்கலாம். ஆண்துண்டு இருந்தும், பழைய பல் என்பதால் அழிந்து, எங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். நமக்குத் தெரியாது வடிவு, தெரியும் என்று சொல்லிவிட்டோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கிருந்தே தள்ளிவிட்டிருப்பேன். காப்புறவிடம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றால் அந்த இருவரும் அத்தோடு நீக்கம். உறவுக்காரர் மனதோடு விளையாடக் கூடாது என்று போட்ட விதி. குழுவே சரி என்றுவிட்டது, பெண்ணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அந்த அம்மா நிம்மதியாக இருக்கிறார், நீ எதற்கு அள்ளிப் போட்டுக் கவிழ்க்கிறாய் என்று கத்தினேன். என் வீட்டு நிலைமையைச் சொன்னேன். அவன் வீட்டு நிலைமையையும் நானே சொன்னேன். எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டான்.

"அந்தக்காகிட்ட ஒரு தடவையாவது ஒருத்தன் உண்மையச் சொல்லாண்டாமா?" என்றான்.

திட்டிக்கொண்டே அவன் பின்னால் பேருந்து ஏறினேன். பெட்டியையும் கொண்டுபோனோம், அவள் இல்லாமல் அவளைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்றான். அன்றைக்கும் ஓர் அரை டிக்கெட்.

அக்கா எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, செண்பகத்துக்கு என்ன, சும்மா பார்க்க வந்தீர்களா என்றார். பெவின் சுற்றி வளைக்கவில்லை. பொண்ணுன்னு சொன்னேன்லாக்கா, அது எனக்குத் தெரியாது, தெரியும்னு நினைச்சுச் சொல்லிட்டேன் என்றான். ஆட்டோ ஒன்று வந்தது. கலத்தைக் கழற்றினார், புதியதை மாட்டினார், அனுப்பினார். அப்புறம் திரும்பி வந்தார்.

"ஆஸ்பத்திரிக்காரன் ஒண்ணும் சொல்லாமப் போனான். நீ சொல்லிட்டு வந்து பிடுங்குத. எதுடா பெரிய பாவம்?"

வெளியே போங்கள் என்றார். நாங்கள் பெட்டியை எடுத்தோம். அந்த நேரம் பார்த்து வெயிலடைப்புச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் மூன்றரை மணி வரை ஒருவரும் தெருவில் நிற்கக் கூடாது, நின்றால் அந்த வெயிலில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. எதிர்க் கடைகளெல்லாம் தடதடவென்று இறங்கின. அக்கா எங்களை முறைத்தார், தெருவை முறைத்தார், பிறகு நாங்கள் வெளியேறும் முன்பே ஷட்டரை இறக்கிவிட்டார். விதி மூன்று பேரையும் ஒரே அறையில் போட்டு அடைத்துவிட்டது.

கலங்கள் நிரம்பும் ரீங்காரம் மட்டும் கேட்டது. அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எங்களைப் பார்க்காமலே வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து தாடையைப் பார்த்தார். வளையல் ஜோடி பக்கத்திலேயே இருந்தது. எலும்புக்குள் தெரிந்த பல்முனையைக் காட்டி, இன்னொரு பல் இருக்கிறதே, அதைத் துளையுங்கள், நான் சம்மதம் தருகிறேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. ஒரே பருவத்துக்குள் மறுதுளை போட்டு உறுதியான முடிவு சொன்னால், முதலில் சொன்னது பிழை ஆகாது, குறை என்றுதான் ஆகும். நீக்கம் கிடையாது. அந்தப் பல்லில் ஆண்துண்டு கிடைத்துவிட்டால் நாங்கள் பிழைத்தோம். கிடைக்காவிட்டாலும், இரண்டு பல்லும் ஒன்றையே சொல்கின்றன என்று குழு தலையாட்டிவிடும். இது பெவினுக்கும் தெரியும். நான் அவன் காலை மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"பையன்னா அந்தப் பல்லு சொன்னாலும் சொல்லும்க்கா. பொண்ணா இருந்தா எந்தப் பல்லும் சொல்லாது. ஆண்துண்டு இல்லன்னு மட்டும்தான் காட்டும். எனக்கப் பல்லும் அப்படித்தான் காட்டிச்சு."

உன் பல்லா என்றார். அவன் வாயைத் திறந்து ஞானப்பல் இருந்த பள்ளத்தைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னான், ஆய்வுக்கூடத்தில் சடங்கு வைத்ததுவரை ஒன்றுவிடாமல். அக்காவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அடக்கிக்கொண்டு, மீசையைப் பாத்தா ஆம்பளப்பய மாதிரிதான் இருக்கு என்றார். மறுபடி முகம் இறுகியது. கேட்டதைத் தன் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இவ பொண்ணா இருந்தா, தாடையையும் அறுத்துப்போட்டு, அப்பவும் தெரியலன்னுதான் வந்து நிப்பிய?"

"ஆமாக்கா. பொண்ணுன்னு உறுதியா சொல்லுத வழி இப்ப எங்ககிட்ட இல்ல. பிற்காலத்துல வரலாம். அப்போ பாக்கதுக்கு அந்தப் பல்லு இருக்கணும்."

அவர் தாடையைப் பஞ்சணையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பொண்ணாப் பொறந்தா இதிலயும் நட்டந்தானா என்றார், எங்களிடம் அல்ல. வேண்டாம் என்று தலையசைத்தார். அதோடு எங்கள் இருவர் உரிமமும் போயிற்று. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அவர் அழுதார். சத்தமாகவே அழுதார். யாரும் தடுக்கவில்லை. சங்கு மறுபடி ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், மூக்கைச் சிந்திவிட்டு, பெவினைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒருத்தன் என் கட்டில் பக்கத்துல வந்து நின்னு, எனக்குத் தெரியலம்மான்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும் தம்பி. வந்து நின்னிருந்தாப் போதும்."

விசாரணைக்கு அக்காவும் வந்தார். கடையைச் சாத்திவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, இந்தப் பயல் முடிவு சொல்ல என்னிடம் இரண்டு தடவை வந்தான், முதல் தடவைக்கு வேண்டுமானால் மார்க்கைக் குறையுங்கள், இரண்டாம் தடவைக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டார். குழுவில் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. மெஹருன்னிசா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் விதி விதிதான், நீக்கம் நீக்கம்தான். ஒரு சலுகை கிடைத்தது. இருவரும் அடுத்த ஆண்டு புது அணியோடு முதலிலிருந்து சேரலாம். சேர்ந்திருக்கிறோம். நேற்று வந்த பிள்ளைகளோடு நிறைமானிக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவதிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறோம். கொடைப்பல் கொடுக்காதவன் துளைக்கருவியைத் தொடக் கூடாது, தவணை கிடையாது என்று இப்போது கதவிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் திரும்பி பெவினைப் பார்க்கிறார்கள்.

ஆய்வு முடிந்தவர்களை எடுத்த இடத்திலேயே திரும்ப அடக்கம் செய்ய வேண்டும். மழைக்கு முந்திய வாரம் தேரிக்காட்டில் அடக்கம் நடந்தது. அக்கா தன் இரண்டு பையன்களையும் கூட்டிவந்திருந்தார். பெயரை மாற்றப் போகிறீர்களா என்று கேட்டேன். செண்பகம் இருக்கட்டும், பையனா இருந்தாலும் அவன் கோவிச்சுக்க மாட்டான் என்றார். வளையலும் உள்ளேயே போயிற்று. எங்கள் இருவருக்கும் அங்கே உத்தியோகம் ஒன்றும் இல்லை, அக்காதான் உறவுக்காரர்கள் வரிசையில் நிற்கச் சொன்னார். பெவின் ஒரு கைச் செம்மண்ணைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான்.

அடக்கத்தின் மேல் வைக்கும் கல்லில் சட்டப்படி வயதும் பாலும் பொறிக்க வேண்டும். வயதுக்கு ஆறு என்று பொறித்தாயிற்று. பால் என்ற இடம் வந்ததும் கல்வெட்டுக்காரர் கருவியை நிறுத்தினார். தெரியாததை எதற்கம்மா கல்லில் வெட்ட வேண்டும், அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடலாமே, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

சும்மா விடக் கூடாது என்றார் சண்முகத்தாய் அக்கா. என்ன வெட்ட வேண்டும் என்று அவரே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கல்வெட்டுக்காரர் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டு வெட்டினார்.

ஆணா பெண்ணா தெரியவில்லை. அம்மாவிடம் வந்து சொன்னார்கள்.